குடைக்கார ராவுத்தர் விட்ட கப்பல்கள்

பொம்மைக் கப்பல் விடுகிறவனுக்குக் காற்றும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் காற்று ஆடியில் வரும், தண்ணீர் ஐப்பசியில் வரும். இடைப்பட்ட மாதங்களில் கப்பலைத் துடைத்துத் துடைத்து வைத்து வீட்டில் ஏச்சு வாங்கியிருக்கும் அன்பர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. முன்சீப் கோர்ட்டில் நகல் எழுதிக்கொண்டு சும்மா கிடந்த என்னை இந்தப் பைத்தியத்தில் இழுத்துவிட்டவர், மடவார் வளாகம் போகிற வழியில் குடை ரிப்பேர் செய்துவந்த மீரா ராவுத்தர். என்னைவிட நாலு வயது இளையவர். போன ஆடியில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவருக்கு ஒரே ஓர் ஆசைதான். தம் கப்பல் ஒன்றாவது, யார் கையும் படாமல், கண்மாயின் இக்கரையிலிருந்து அக்கரை போய்ச் சேர வேண்டும். பன்னிரண்டு வருஷத்தில் ஒன்றுகூடப் போகவில்லை.

அரை வீசை ஈயம்

என் முதல் கப்பலை, வீட்டுக் கதவு செய்து மிஞ்சிய தேக்கில் செதுக்கினேன். அடியில் கனம் இருந்தால்தான் கவிழாது என்று ராவுத்தர் சொல்லியிருந்தார். எம்புட்டுக் கனம் என்று கேட்க என் கௌரவம் இடம் தரவில்லை. அரை வீசை ஈயத்தை உருக்கி அடியில் ஊற்றினேன்.

கண்மாயில் விட்டேன். கப்பல் இடமும் சாயவில்லை, வலமும் சாயவில்லை; பாய்மரம் நட்டுக்குத்தலாக நிற்க, அப்படியே இறங்கிப் போய்விட்டது. ராவுத்தர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குமிழிகள் அடங்கும்வரை மரியாதையாக நின்றார். பிறகு சொன்னார்: "கவிழல பாத்தீரா ஓய்! நிமிந்தபடியேல்லா முங்கியிருக்கு."

வக்கீல் குடை

அவர் கப்பல்களுக்கெல்லாம் கறுப்புப் பாய்தான். கிழிந்த குடைத் துணி. ஒரு சமயம் கிழியாத குடை ஒன்று வந்தது. கம்பி வளைந்திருக்கிறது என்று ஒரு வக்கீல் கொடுத்துவிட்டுப் போன பட்டுக் குடை. மழைக்கு முன் வேறு துணி போட்டுக் கொடுத்துவிடலாம் என்று ராவுத்தர் கத்தரியை எடுத்துவிட்டார்.

கப்பல் பாதிக் கண்மாய் தாண்டும்போது வக்கீல் காற்று வாங்க வந்தார். பாயின் ஓரத்தில் அவர் வீட்டு அம்மாள் சிவப்பு நூலில் போட்ட பூ. கோர்ட்டில் வாயை மூடியறியாத மனிதர் வாயடைத்து நின்றார். நேரம் பார்த்துத் தூறலும் விழுந்தது. "செத்த பொறுங்க ஐயா, கரை சேந்ததும் உங்க குடைதான்" என்றார் ராவுத்தர். கப்பல் கவிழ்ந்தது. வக்கீல் தலையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அந்தக் கம்பியையாவது கொடும், தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டாவது போறேன்."

ராஜபாளையத்து நாய்

ராஜபாளையத்தில் நிலபுலனோடு இருந்த ராஜு ஒருவருக்கும் கப்பல் பித்து. தை மாதம் எங்களை அவர் ஊர்க் கண்மாய்க்கு அழைத்தார். வைக்கோலில் கப்பலைப் படுக்க வைத்து, கட்டை வண்டியில் நாங்கள் இருவரும் ஓரத்தில் தொற்றிக்கொண்டு போனோம்.

அன்றைக்குக் காற்று இருந்தது. கப்பல் பாதியைத் தாண்டியது, முக்காலைத் தாண்டியது. ராவுத்தர் மூச்சு விட மறந்துவிட்டார். அப்போது ராஜுவின் வெள்ளை வேட்டை நாய், கறுப்புப் பாயை நீர்க்காக்கை என்று எண்ணியதோ என்னவோ, தண்ணீரில் பாய்ந்து கப்பலைக் கவ்வி அக்கரையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வாலை ஆட்டியது. "ஏமி ராவுத்தரே, அக்கரை போயிருச்சே!" என்று ராஜு கை தட்டினார். ராவுத்தர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். திரும்பும் வழியெல்லாம் கப்பலில் பல் பட்ட இடத்தைத் தடவிக்கொண்டே வந்தார். ஊர் எல்லையில் வாய் திறந்தார்: "நாய் வாயில போனா அது கப்பலா ஓய்? எலும்பு!"

கடைசிக் கப்பல்

காய்ச்சலில் கிடந்தபோதும் ஒரு கப்பல் செதுக்கினார். பாயை அவர் மனைவி மைமூன் பீவி தைத்தார். முடிவதற்கும் அவர் கண் மூடுவதற்கும் சரியாக இருந்தது. துக்கம் காத்து வீட்டுக்குள் இருக்கும் நாலு மாதம் பத்து நாள் இத்தா கழிந்ததும் அந்த அம்மாள் கப்பலை எனக்குக் கொடுத்தனுப்பினார். கார்த்திகை; கண்மாயில் இடுப்பளவுக்குத் தண்ணீர் கிடந்தது.

விட்டேன். நடுக் கண்மாயில் காற்று செத்தது. ஒரு மணி நேரம் நின்றேன்; பாய் அசையவில்லை. எருமைகளைத் தவிர யாருமில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மனிதர் இல்லாத கரையில் நிற்கவே பிடிக்கவில்லை. இறங்கினேன். முதலில் ஒரு விரலால் தள்ளினேன். அப்புறம் வெட்கத்தை விட்டு இரண்டு கையாலும் அக்கரை வரை தள்ளினேன்.

அதே வேகத்தில் அவர் வீட்டு வாசலுக்குப் போய், "தங்கச்சி, கப்பல் தானாவே அக்கரை போயிருச்சு. என் கண்ணால பாத்தேன்" என்றேன். கதவுக்குப் பின்னால் விசும்பல் கேட்டது. "அவிய பாக்கக் குடுத்து வைக்கலியே" என்றார். நானும் மூக்கை உறிஞ்சினேன். விசும்பல் அடங்கியது. கதவு இன்னும் ஒரு விரற்கடை திறந்தது. "அது சரி அண்ணாச்சி, கப்பல் தானாப் போச்சுன்னா, வேட்டி ஏன் இடுப்பு வரைக்கும் நனைஞ்சிருக்கு?"

பன்னிரண்டு வருஷம் கூடவே நின்று மரம் செதுக்கவும் பாய் கட்டவும் கற்றுக்கொண்டேனே தவிர, வேட்டியை மாற்றிக்கொண்டு போய்ப் பொய் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் ராவுத்தர் எனக்குச் சொல்லித் தரவில்லை.