என் பேரில் ஒரு பட்டறை

எங்கள் பக்கத்தில் பட்டறை ஆரம்பிக்கிற பலர் பெண்டாட்டி பேரில்தான் ஆரம்பிப்பார்கள். பெண்கள் பேருக்குக் கடன் சுலபம், ராசியும் உண்டு என்பார்கள். அன்னூர் ரோட்டில் மோட்டாருக்குத் தகடு வெட்டும் எங்கள் பட்டறையும் அப்படித்தான் என் பேரில் இருந்தது. பென்சிலில் குறி போட்ட இடங்களில் கையெழுத்துப் போட்டதைத் தவிர எனக்கு அங்கே வேலை ஒன்றும் கிடையாது.

போன வருடம் பிரஸ் மிஷினில் ஒரு பெண்ணுக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயின. கை உள்ளே போகாதபடி இருக்கும் கம்பித் தடுப்பைக் கழற்றி மூலையில் வைத்திருந்தார்கள். அது இருந்தால் வேலை மெதுவாகுமாம். ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்து எழுதிக்கொண்டு போனார். சம்மன் எனக்கு வந்தது. எதிரி என்ற இடத்தில், இனிஷியல்கூடத் தப்பாமல் என் பேர். ஜெயிலுக்கும் இடமுண்டு என்று வக்கீல் சொன்னபோது பயத்தைவிடக் கோபம்தான் வந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிக் காட்டினேன்.

"ஒப்புக்கிட்டா அபராதத்தோட முடிஞ்சிரும்கறாரு வக்கீலு. தலையாட்டிப்போட்டு வந்துரு," என்றார்.

கோயமுத்தூர் கோர்ட்டில் ஒப்புக்கொண்டேன். அபராதம், அதோடு கோர்ட் கலையும்வரை அங்கேயே இருக்கவேண்டும் என்று தண்டனை. வீட்டுக்காரர் அபராதம் கட்டப் போனார். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

சாட்சி சொல்ல வந்திருந்த அந்தப் பெண், இனித் தேவையில்லை என்று சொன்ன பிறகும் போகாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வலது கை முந்தானைக்குள் இருந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன். எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பதில் சொல்லத் தயாராக இருந்தேன்.

"ஏனுங்கக்கா, கம்பெனி உங்க பேர்லயா இருக்குது?"

"பேரு மட்டுந்தான் கண்ணு."

"எனக்குத் தெரியாமப் போச்சுங்க. தடுப்பக் கழட்டிப்போட்டாங்க, பயமா இருக்குதுன்னு சூப்பர்வைசர்கிட்ட ரெண்டு வாட்டி சொன்னனுங்க. அப்பறந்தான் ஆயுத பூசைக்கு நீங்க வந்தீங்க, என்ற மிஷினுக்குச் சந்தனம் வெச்சீங்க. மொதலாளி ஊட்டம்மான்னுதான் நெனச்சனுங்க. உங்க கம்பெனின்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பனுங்க."

தயாராக வைத்திருந்த பதில் எதற்கும் உதவவில்லை. வெட்கமாக இருந்தது. அன்று அந்த மிஷினில் தடுப்பு இல்லாதது என் கண்ணில் பட்டதா என்று யோசித்துப் பார்த்தேன். சந்தனம் வைத்த இடம்தான் ஞாபகம் வந்தது.