கோட்டுப் பைக்குள் மூன்று பியூஸ்

அந்த மாஸ்டர் கமராவும் கையுமாக எங்கள் தேயிலை பெக்டரிக்குள் வந்த அன்றே, அங்கே மெஷின் திருத்தும் பிட்டரான எனக்குச் சந்தேகம் தட்டியது. தலவாக்கலைப் பக்கம் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து இளைஞர். கொழுந்து அரைக்கும் ரோலரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்.

"ஐயா, இதைக் கழட்டிப் பூட்டேக்க செய்யிற எல்லாத்தையும் வரிசையாச் சொல்லுங்கோ."

எதற்கு என்று கேட்டேன். மடிக்கணினியைத் திறந்து, கறுப்புச் சதுரம் அச்சடித்த ஓர் அட்டையை அதன் கமராவுக்கு முன் பிடித்தார். திரையில் அந்த அட்டையின் மேல் ஒரு சின்ன மோட்டார் முளைத்து நின்றது. அட்டையைத் திருப்பினால் மோட்டாரும் திரும்பியது. மெஷின் இல்லாத இடத்தில் பிள்ளைகள் இப்படிப் படிக்கலாமாம்.

நான் மயங்கவில்லை. தொண்ணூறுகளில் இப்படித்தான் ஒருவர் கையில் கடிகாரத்தோடு வந்து, சிரித்துப் பேசி, கொழுந்து வாட்டும் மாடியில் நடப்பதையெல்லாம் எழுதிக்கொண்டு போனார். அடுத்த மாதம் அங்கே நாலு பேருக்கு வேலை இல்லை. நான் கற்றதையெல்லாம் அட்டைக்குள் ஏற்றிவிட்டால், இந்த பிட்டர் இனி எதற்கு என்று தோட்டத்தை நடத்தும் துரை கேட்க மாட்டாரா?

அதனால் எல்லாம் சொன்னேன், ஒன்றைத் தவிர. சுவிட்சை அணைத்த பிறகு சுவிட்சுப் பலகையில் உள்ள மூன்று பியூஸையும் பிடுங்கி என் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் நான் மெஷினுக்குள் கை வைப்பேன். அவை என் பையில் இருக்கும்வரை யாரும் தெரியாத்தனமாக ரோலரை ஓட்டிவிட முடியாது. அதை மட்டும் விழுங்கிவிட்டேன். கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் என் மகளே அந்த மாஸ்டரின் வகுப்பில் சேர்ந்தாள். லயத்து வீட்டுக்கு வந்து அட்டைப் பாடத்தை ஒப்பிப்பாள்: சுவிட்ச், மூடி, ஆணி. பியூஸ் இல்லை. சொல்லிவிடத்தான் நினைத்தேன். மாஸ்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே, அந்த வெட்கம் வாயை அடைத்தது. மாஸ்டரே வேறு எப்போதாவது சொல்லிக்கொடுப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இறுதிப் பரீட்சையை நிஜ மெஷினில், எங்கள் பெக்டரியிலேயே வைத்தார்கள். பாஸானால் பக்கத்துத் தோட்டத்தில் அவளுக்கு வேலை. மாஸ்டர் புள்ளித் தாளோடு நின்றார். மகள் சுவிட்சை அணைத்தாள், மூடியைக் கழற்றினாள், ரோலருக்கு அடியில் தோள்வரை கையை விட்டாள். அந்த நேரம் பார்த்து, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்த ஓர் ஆள் சுவிட்சுப் பலகைப் பக்கம் நடந்தார். தொப்பியை மாட்டத்தான் போனாரோ என்னவோ. நான் பாய்ந்துபோய் மூன்று பியூஸையும் பிடுங்கினேன்.

"ஐயா, சோதினையில நீங்கள் உதவி செய்யக் கூடாது" என்றார் மாஸ்டர்.

"புள்ள மேல பிழை இல்லீங்க சேர். இத நான்தாங்க உங்ககிட்ட சொல்லாம மறைச்சேன். வேலை போயிரும்னு பயந்துட்டேங்க."

மாஸ்டரின் முகம் வெளுத்தது. "நான் எல்லாப் பிள்ளையளுக்கும் இப்பிடித்தானே படிப்பிச்சனான்" என்றார். பிறகு, முதலிலிருந்து செய்யும்படி மகளிடம் சொன்னார்.

அவள் எழுந்து வந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். கிரீஸ் அப்பிய கையை நீட்டி மூன்று பியூஸையும் வாங்கித் தன் கோட்டுப் பைக்குள் போட்டாள். ரோலருக்கு அடியில் குனியப் போனவள் நின்று திரும்பினாள்.

"வேற ஏதாச்சும் சொல்லாம விட்டிருக்கீங்களாப்பா?"