ஜூலை ஒன்று சாட்சி அல்ல

பிப்ரவரி 5 – 4,200
மார்ச் 5 – 4,200
ஏப்ரல் 5 – 4,200
மே 5 – 0
ஜூன் 5 – 0
ஜூலை 5 – 0

அக்காவின் வங்கிக் கணக்கில் மாதா மாதம் விழுந்துகொண்டிருந்த விதவை ஓய்வூதியம் இது. மே மாதத்திலிருந்து அவள் உயிரோடு இல்லை என்று அரசாங்கம் முடிவுகட்டியிருந்தது. அப்படி முடிவுகட்டியவர் வேறு யாருமில்லை, அவளுடைய கூடப்பிறந்த தம்பிதான். ஜூலை பதினொன்றாம் தேதிவரை அது அவருக்கே தெரியாது.

தம்பிக்கு வயது ஐம்பத்தொன்பது. முதியோர், விதவைகள், வேலை இழந்தவர்கள் என்று உதவித்தொகை வாங்கும் அத்தனை பேரின் விவரங்களையும் பராமரிக்கிற அரசுக் கணினி நிறுவனத்தில் முப்பத்தைந்து வருடமாக வேலை. மூன்றாம் மாடியில், குளிர்சாதனம் தலைக்கு நேரே இரைகிற அறையில், ஜன்னலோர நாற்காலி. நாடெங்கும் பதிவாகிற இறப்புகளை இயந்திரம் ஓய்வூதியப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஐயம் வந்தால் இரண்டு பதிவுகளையும் பக்கம் பக்கமாகத் திரையில் நிறுத்தும். இரண்டும் ஒரே ஆள் என்றால் எண் ஒன்றை அழுத்த வேண்டும். வேறு வேறு ஆள் என்றால் இரண்டை. ஒன்றை அழுத்தினால் பணம் நின்றுவிடும்.

மற்ற மாடிக்காரர்கள் அந்த அறையை எமலோகம் என்பார்கள். லிஃப்டில் அவரைக் கண்டால், "இன்னைக்கு எத்தனை பேரை அனுப்பினீங்க சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை. அவரும் சிரித்துக்கொள்வார். வேலையில் அவரை ஒரு சொல் சொல்ல முடியாது என்பது அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

அந்த அறையில் ஒரு பழக்கம் உண்டு. பழைய அட்டைகளைக் கணினியில் ஏற்றிய காலத்தில் பல பேருக்குப் பிறந்த வருடம் மட்டுமே தெரிந்திருந்தது. இயந்திரமோ தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டால் முரண்டு பிடிக்கும். அதனால் வருடத்தின் நடுவில் ஒரு நாளாகப் பார்த்து, தேதி தெரியாத அத்தனை பேருக்கும் ஜூலை ஒன்றையே போட்டுவிட்டார்கள். தன் பேட்டையின் அட்டைகளை ஏற்றியவர் தம்பி. அக்காவுக்கும் அவர்தான் ஜூலை ஒன்றைப் போட்டார். அதிலிருந்து வருடந்தோறும் அந்த நாளில் அக்கா தொலைபேசியில் கூப்பிடுவாள்: "டேய், இன்னைக்கு என் ஆபீஸ் பொறந்தநாளு. வாழ்த்த மாட்டியா?"

ஆகவே பெயரும் ஜூலை ஒன்றும் பொருந்துகிறது என்பதற்காக யாரையும் சாகடித்துவிடக் கூடாது. பழைய அட்டையின் படத்தைத் திறந்து கணவர் பெயர், முகம், கைரேகை பார்க்க வேண்டும். "ஜூலை ஒன்று சாட்சி அல்ல" என்று சுவரில் அறிவிப்பு எழுதி ஒட்டியவரும் தம்பிதான்.

இந்த வருடம் ஜூலை ஒன்றாம் தேதி அக்கா கூப்பிடவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

பதினொன்றாம் தேதி காலை, பக்கத்து நாற்காலிக்காரரோடு தேநீர் குடிக்க இறங்கினார். முதல் மாடி நடையில் கண்ணாடிச் சுவர். அங்கிருந்து பார்த்தால் கீழ்க்கூடம் முழுக்கத் தெரியும். உதவித்தொகை நின்றுபோனவர்கள் தாங்கள் உயிரோடிருப்பதைக் காட்ட வந்து, கையில் எண் சீட்டோடு உட்கார்ந்திருப்பார்கள்.

"பாருங்க சார், நாம அனுப்பினவங்க. அங்க இடமில்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க போல" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

தம்பி வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த வாய் மூடுவதற்குள் மூன்றாவது வரிசையில் அக்காவைப் பார்த்துவிட்டார். மடியில் துணிப்பை, அதன்மேல் இரண்டு கையும். ஆஸ்பத்திரியில் காத்திருக்கிறவளைப் போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். அவள் தலை மெல்ல மேலே திரும்பியது.

இறங்கிப் போக நாற்பது படிகூட இல்லை. ஆனால் பக்கத்தில் நிற்கிறவர் பார்ப்பாரே, நம்ம சாரோட அக்காவே செத்தவங்க வரிசையில என்று மாடி மாடியாகப் பேசுவார்களே. "கண்ணாடியை மேஜையில விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கப் படியில் ஏறினார். கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்து அக்காவின் பதிவைத் திறந்தார். ஏப்ரல் 29, மாலை. முடிவு செய்த ஊழியர் எண்: 118. அது அவருடைய எண்.

அன்றைய மாலை நினைவுக்கு வந்தது. மாதக் கடைசி, தேங்கிக் கிடப்பதை முடிக்காமல் வீட்டுக்குப் போகக் கூடாது என்று உத்தரவு. ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று என்று விரல் தானாக ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் பெயர், எங்கே கல்லெறிந்தாலும் அந்தப் பெயருள்ள ஒருத்திமேல் விழும், அப்படிப்பட்ட பெயர். அதே பேட்டை, அதே வருடம், அதே ஜூலை ஒன்று. இறந்தவள் வேறு யாரோ. பழைய அட்டையை அவர் திறக்கவில்லை. அந்தப் பெயரைப் பார்த்தும் அக்கா ஞாபகம் வரவில்லை.

திருத்துவதற்கு ஒரு காரண எண் கொடுக்க வேண்டும். நான்கு என்றால் சரிபார்த்தவரின் தவறு. நின்ற பணம் முழுவதும் வந்துவிடும், சரிபார்த்தவர்மேல் விசாரணை வரும். ஏழு என்றால் பயனாளி உரிய காலத்தில் விவரத்தைப் புதுப்பிக்கவில்லை. பணம் அடுத்த மாதம் தொடங்கும், விட்டது விட்டதுதான். முப்பத்தைந்து வருடத்தில் அவர் பெயருக்கு எதிரே ஒரு நான்குகூட விழுந்ததில்லை. டிசம்பரில் ஓய்வு.

அந்த மூன்று மாதப் பணத்தைக் கையிலிருந்து கொடுத்துவிட்டால் அக்காவுக்கு என்ன நஷ்டம் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, ஏழை அழுத்தினார்.

ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை. அக்கா கடிதத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

"என் மூக்குக்கண்ணாடி உடைஞ்சு மூணு மாசமாச்சு. மாத்தறதுக்கும் கையில காசில்ல, போனுக்குப் போடவும் காசில்ல. நீயே படி."

படித்தார். 'தாங்கள் உரிய காலத்தில் விவரங்களைப் புதுப்பிக்கத் தவறியதால்' என்று தொடங்கி, 'இனி இவ்வாறு நேர்ந்தால்' என்று எச்சரித்து முடிந்தது.

"நான் எங்கடா தவறினேன்? ஜனவரியிலேயே போய்க் கைரேகை வெச்சேனே. நீதானே கூட்டிட்டுப் போனே?"

ஆமாம். அவர்தான் கூட்டிக்கொண்டு போயிருந்தார். கடிதத்தை மடிக்கத் தெரியாமல் மடித்தார். பிறகு, தரையைப் பார்த்தபடியே, எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றை அழுத்தியதையும் சொன்னார், ஏழை அழுத்தியதையும் சொன்னார்.

சமையலறை வாசலில் நின்ற மனைவி, "ஊர்ல அத்தனை பேர் இருக்க, கூடப்பொறந்தவங்கதானா கெடைச்சாங்க உங்களுக்கு?" என்றாள்.

அக்கா முதலில் சிரித்தாள். "அடப்பாவி! பொறந்தநாளும் நீயே குடுத்தே, போற நாளையும் நீயே குடுத்துட்டியா?"

அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாம் என்று தோன்றியது அவருக்கு. அலமாரியிலிருந்து உறையை எடுத்து நீட்டினார். பன்னிரண்டாயிரத்து அறுநூறு; எண்ணி வைத்திருந்தார்.

"உள்ள வை அதை." சிரிப்பு போயிருந்தது. "கை தவறும்டா, மனுஷன்தானே. அத விடு. அன்னைக்குக் கண்ணாடிக்குப் பின்னால நின்னு என்னைப் பாத்தியே? பாத்துட்டு மேல ஏறிப் போனியே? அதுவும் கை தவறினதுதானா?"

அவர் உறையைத் திரும்ப அலமாரிக்குள் வைத்தார்.

"உன் முதுகை எனக்குத் தெரியாதா? கவுண்டர்காரன் கேட்டான், 'உங்களுக்கு இங்க யாராவது தெரியுமா பாட்டி'ன்னு. யாரும் இல்லன்னுட்டேன்."

மனைவி காபி கொண்டுவந்தாள். அக்கா அதைக் குடித்துவிட்டு, தம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டு, கடிதத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள். பேருந்து நிறுத்தம்வரை கூட வருகிறேன் என்றார். "எனக்கு வழி தெரியும்" என்றாள்.

திங்கட்கிழமை பிரிவு மேலாளரின் அறைக்குப் போனார். அந்த அம்மாள் அவரைவிட இருபது வயது சின்னவர்.

"ஏழாவே விட்டிருக்கலாமே சார். யார் கேக்கப்போறாங்க? ரிட்டையர் ஆகற நேரத்துல வம்பை வெலைக்கு வாங்கறீங்களே."

"நாலாக்குங்க மேடம்" என்றார். நின்றுகொண்டே விளக்கம் எழுதிக் கொடுத்தார்.

பிறகு, யாரும் சொல்லாமலேயே, ஏப்ரல் 29 மாலை தான் அழுத்திய ஒன்றுகளை எல்லாம் மறுபடி திறந்தார். ஒவ்வொன்றுக்கும் பழைய அட்டையையும் திறந்தார். இரண்டு நாள் பிடித்தது. இன்னும் ஐந்து பேர், இறந்தவர் அல்லாத வேறு ஆட்கள். ஐவருக்கும் ஜூலை ஒன்று. அவர்களில் எவருக்கும் மூன்றாம் மாடியில் தம்பி இல்லை. அக்கா வந்து உட்கார்ந்திருக்காவிட்டால் அவர்கள் அப்படியே போயிருப்பார்கள் என்பது, அன்று பின்படியில் ஏறியதைவிட அதிகமாக அவரைக் குறுகவைத்தது. ஐந்துக்கும் நான்கு போட்டு, தன் எண்ணை எழுதினார்.

விசாரணை நடந்தது. அந்த வருட ஊதிய உயர்வு நின்றது. லிஃப்டில் யாரும் இப்போது எத்தனை பேர் என்று கேட்பதில்லை.

ஆகஸ்ட் 5 – 4,200
செப்டம்பர் 5 – 16,800

தவறு நிறுவனத்துடையது, பயனாளியுடையது அல்ல என்று திருத்திய கடிதம் பதிவுத் தபாலில் போனது. அதைப் படித்துக் காட்டச் சொல்லி அக்கா வருவாள் என்று ஞாயிறுதோறும் வாசல்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வரவில்லை. புதுக் கண்ணாடி போட்டிருக்கிறாள் என்று மனைவி எங்கிருந்தோ கேட்டுவந்து சொன்னாள்.

கடைசியில் அலுவலகத் திரையில் அக்காவின் பதிவைத் திறந்துதான் தெரிந்துகொண்டார். கடிதத்தை அவளே கையெழுத்திட்டு வாங்கியிருந்தாள். சேர்ந்த நாள்: செப்டம்பர் 19.