கண்ணுக்குள் வந்த பொன்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கையொன்றில், நாலாம் மாடியில் எங்கள் வீடு. பின்னேரமானால் கடல் வெளிச்சம் யாரையும் கேட்காமல் உள்ளே வந்து சுவர், கதிரை, அம்மாவின் தையல் மெசின் எல்லாவற்றையும் மஞ்சளாக்கும். கீழே ரயில் போனால் யன்னல் கண்ணாடி மெல்ல நடுங்கும். அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்த சித்தி இன்றைக்கும் கண்ணை மூடினால் எனக்குத் தெரிகிறார். அப்போது எனக்கு எட்டு வயது. உலகத்தில் நடப்பதெல்லாம் எனக்காகத்தான் என்ற எண்ணம் கலையாத வயது. சித்தியின் கல்யாணமும் எனக்குப் பட்டுப்பாவாடை எடுப்பதற்காகவே நிச்சயமாகியிருந்தது.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. எங்களோடு இருந்துகொண்டு பம்பலப்பிட்டியில் ஒரு கந்தோருக்கு வேலைக்குப் போய்வந்தார். முந்தின வருஷம் அவருக்கு மஞ்சள் காமாலை கண்டது. வீடு உடனே எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தது, கீழாநெல்லி அரைத்தது, சித்திக்கென்று தனிக் கோப்பையும் ஒதுக்கியது. காமாலை அசையவில்லை. பிறகு ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னார், இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிற காமாலை இல்லை என்று. நோயை எதிர்த்து நிற்க வேண்டிய சக்தியே சித்தியின் ஈரலைப் பகையென்று எண்ணித் தாக்குகிறதாம். "வேலியே பயிரை மேயிற கதை" என்று அப்பா அதைச் சுருக்கமாகச் சொன்னார். குளிசை போட்டு அந்த வேலியை அடக்கி வைக்க வேண்டும். இரத்தம் சோதித்துப் பார்த்து, டொக்டர் சொல்லச் சொல்லக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். நாமாக நிற்பாட்டக் கூடாது. தனிக் கோப்பை பேசாமல் அலுமாரிக்குள் திரும்பிப் போனது.

குளிசை ஈரலைக் காப்பாற்றியது, முகத்தை ஊத வைத்தது. சித்தியின் கன்னங்கள் உருண்டு திரண்டதில் எனக்கு மெத்தச் சந்தோஷம், கிள்ளுவதற்கு நிறைய இருந்தது. பெரியம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. அம்மாவுக்கு மூத்தவரான அவர்தான் எங்கள் குடும்பத்தின் சட்டமும் நீதிமன்றமும். கொட்டாஞ்சேனை மாப்பிள்ளை சரிவந்ததும் அவர் போட்ட முதல் உத்தரவு, சித்தியின் ஈரல் வருத்தத்தைப் பற்றி அந்தப் பக்கம் மூச்சும் விடக் கூடாது என்பது. அடுத்ததாக, "கலியாண அல்பத்தில முகம் பூசணிக்காய் மாதிரி விழப்போகுது" என்றார். அதன் பிறகு சித்தி காலையில் குளிசையை எடுத்து, என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்து, யன்னலால் எறிந்துவிடுவார். காகத்துக்காம். காகங்களுக்கும் ஈரல் வருத்தம் வருமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

முகம் வற்றத் தொடங்கியது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். பிறகு மெல்ல ஒரு மஞ்சள் ஏறியது. சித்தி வெள்ளிக்கிழமைகளில் மஞ்சள் பூசிக் குளிப்பவர், போதாததற்கு அந்தக் கடல் வெளிச்சம் வேறு. "பிள்ளைக்குக் கல்யாணக் களை வந்திட்டுது" என்று பெரியம்மா கண்ணூறு கழித்தார். அடிக்கடி சோர்ந்து படுப்பதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது, வெட்கமாம்.

பொன்னுருக்கு மாப்பிள்ளை வீட்டில் நடந்தது. தாலிக்கென்று வைத்த பொன்காசை நல்ல நேரம் பார்த்து உருக்குவது எங்கள் வழக்கம். அப்பாவோடு நானும் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். நகை செய்யும் பத்தர் குழாயால் ஊத ஊதக் காசு விளிம்பிழந்து, தளும்பி, ஒரு துளியாகத் திரண்டு என்னைப் பார்த்தது. கனவுபோல வீடு திரும்பினால், யன்னலோரம் சித்தி அதே நிறத்தில் இருந்தார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அங்கே உருக்கிய பொன் இங்கே பெண்ணுக்குள் இறங்குகிறது. பொன்னுருக்கினால் கல்யாணம் வரை பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டைவிட்டு வெளிக்கிடக் கூடாது, ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது என்கிறார்களே, அது பொன் இறுகும்வரை அசையக் கூடாது என்பதற்காகத்தான்.

அந்த நாட்களுக்குள்ளேதான் சித்தியின் இரத்தச் சோதனையும் வந்து மாட்டியது.

"ஒருக்காக் கூட்டிக்கொண்டு போட்டு வாறனே" என்றார் அம்மா.

"பொன்னுருக்கினாப் பிறகு பொம்பிளை படி தாண்டக் கூடாது. கலியாணம் முடியட்டும்" என்றார் பெரியம்மா. நீதிமன்றம் கலைந்தது.

அடுத்த நாள் பின்னேரம் மாப்பிள்ளை தொலைபேசியில் எடுத்தார். பார்க்கத்தானே தடை, கதைக்கத் தடையில்லை. சித்தி நித்திரையாக இருந்ததால் நான் எடுத்தேன்.

"சித்தி என்ன செய்யிறா?"

"படுத்திருக்கிறா. சித்தப்பா, சித்தி பொன்னாகிக்கொண்டு வாறா. இப்ப கண்ணுக்குள்ளயும் வந்திட்டுது."

"கண்ணுக்குள்ளயோ? வெள்ளை முழியோ மஞ்சள்?"

"ஓம், வடிவா இருக்கு."

"சித்தி குளிசை போடுறாவோ, பிள்ளை?"

"இல்லை. காகத்துக்குப் போடுறா."

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு அந்த நேரத்து நெரிசலில் எப்படி வந்தாரோ தெரியாது. இருட்ட முதல் கதவு தட்டுப்பட்டது. திறந்த பெரியம்மாவுக்கு மாப்பிள்ளையின் முதுகுதான் தெரிந்தது. அவர் படிக்கட்டைப் பார்த்தபடி நின்றார்.

"நீங்களும் வெளிக்கிடக் கூடாதெல்லோ தம்பி" என்றார் பெரியம்மா.

"நான் பாக்க மாட்டன், அக்கா. அவவை வெளிக்கிடச் சொல்லுங்கோ, கீழ ஓட்டோ நிக்குது. அவவின்ர வருத்தம் எனக்குத் தெரியும். கலியாணத்துக்கு ஓம் எண்டு சொல்ல முதலே என்னட்டச் சொன்னவா."

பெரியம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் சட்டம் இல்லாமல் இருந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அம்மா சித்தியைத் தாங்கிக்கொண்டு படியிறங்க, நான் சித்தியின் சட்டையைப் பிடித்த பிடி விடாமல் கூடவே போனேன்.

முச்சக்கரவண்டியின் பின்னால் நாங்கள் மூவரும் ஏறினோம். மாப்பிள்ளை முன்னால், சாரதியின் பாதி இருக்கையில் தொங்கிக்கொண்டு உட்கார்ந்தார். சிங்களத்தில் ஏதோ சொல்ல, சாரதி சிரித்துக்கொண்டே உள்கண்ணாடியை மேல்பக்கம் திருப்பிவிட்டார்.

காலம் கடத்தாமல் கொண்டுவந்தீர்கள் என்று டொக்டர் சொன்னாராம். குளிசையை விட்டதற்கு நல்ல ஏச்சும் விழுந்தது. சித்தி ஆஸ்பத்திரியில் தங்கினார், கல்யாணம் வேறொரு முகூர்த்தத்துக்குத் தள்ளிப்போனது. அல்பத்தில் அவர் முகம் பெரியம்மா பயந்தபடியே பூசணிக்காய்தான், அவ்வளவு சிரிப்போடு ஒரு பூசணிக்காயை நான் வேறெங்கும் கண்டதில்லை. இன்றைக்கும் அந்த வேலியை அடக்கித்தான் வைத்திருக்கிறார்கள். காலைத் தேநீர்க் கோப்பையின் தட்டில் குளிசையை வைத்து நீட்டுகிறவர் சித்தப்பாதான், சித்தி விழுங்கும்வரை அங்கிருந்து நகரமாட்டார்.

இதெல்லாம் பிறகு வந்த கதை. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓட்டோவின் குலுக்கலும், காலி வீதியின் விளக்குகளும், முன்னால் அசையாமல் இருந்த ஒரு பிடரியும்தான். சித்தி அந்தப் பிடரியையே பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டு வந்தார். முன்னால் இருந்தவர் வழி முழுக்க ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. எனக்குச் சித்தியை நினைக்கப் பாவமாக இருந்தது. இந்த மாப்பிள்ளைக்கு அவரைக் கொஞ்சமும் பிடிக்கவில்லை என்று எண்ணி, சித்தியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.