மேசையில் ஒரு தட்டு

1989 ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். தெருக்குழாயில் நான்கு குடம் பிடித்தோம். ஐந்தாவது குடம் பாதி நிறைந்தபோது தண்ணீர் நின்றுவிட்டது. ஆறரைக்கு அப்பா கடையின் பலகைகளை எடுத்தார். வாடகை சைக்கிள்கள் பதினான்கையும் நான் துடைத்து, பின் மட்கார்டில் எழுதியிருக்கும் எண் வரிசைப்படி நிறுத்தினேன். ஒன்பதாம் எண்ணுக்கு மணி இல்லை. எட்டு மணிக்குச் சர்ச்சுக்குப் போய் பத்தேகாலுக்குத் திரும்பினோம். மதியம் கருவாட்டுக் குழம்பு.

இவையெல்லாம் என் நாடக நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலில் இருக்கின்றன. அந்த நோட்டைப் போன வாரம்தான் வெளியே எடுத்தேன். கல்லூரியில் படிக்கும் என் மகள் காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் விண்வெளித் தொடர் ஒன்றில், முதல் பாகத்தில் வந்த பெண் விமானியும் இரண்டாம் பாகத்தில் வருபவளும் ஒரே ஆள்தானா என்று பெரிய சண்டை. முகம் தெரியாத யார் யாருடனோ போனில் தட்டித் தட்டி வாதாடினாள். சோறு ஆறிப்போயிற்று. "இந்தச் சண்டையை நாங்க அப்பவே போட்டுட்டோம்" என்றேன். நம்பவில்லை. நோட்டைக் காட்டிய பிறகு நம்பினாள். அதில் ஒரு வரி பொய் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பெரிய காஞ்சிபுரத்தில் அப்பாவின் சைக்கிள் கடையும் அதன் பின்னால் எங்கள் வீடும். ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு ரேடியோவில் அரை மணி நேரம் அறிவியல் நாடகம். ஒவ்வொரு வாரமும் யார் வந்தார்கள், என்ன பேசினார்கள், எது முன்பு சொன்னதோடு பொருந்தவில்லை என்று நான் எழுதிவைப்பேன். கடைக்கு வருகிறவர்கள் தகராறு என்றால் என்னிடம்தான் வருவார்கள். அதில் எனக்குக் கர்வம் உண்டு.

பெரிய தகராறு செழியனைப் பற்றியது. செழியன் அந்த விண்கலத்தின் பொறியாளன். முன்கோபக்காரன். கோபம் வந்தால் மேசையை ஓங்கித் தட்டுவான். ரேடியோவில் 'டம்' என்று கேட்கும். முதல் நான்கு வாரங்களில் மொத்தம் பதினொரு தட்டு. நான்காவது வாரக் கடைசியில் ஒரு சிவப்புக் கிரகத்தின் பள்ளத்தில் விழுந்து செத்துப்போனான். பதினைந்தாவது வாரம் கலத்தின் கதவு திறந்தது. செழியன் உயிரோடு நின்றான். குரல் வேறாக இருந்தது. மெதுவாகப் பேசினான். எதைக் கேட்டாலும் முன்னால் 'தயவுசெய்து' போட்டான். பதினேழாவது வாரம்வரை ஒரு தட்டுக்கூட இல்லை. அவன் சாகவில்லை, திரும்பி வருவான் என்று கடையில் எல்லோரிடமும் முன்பே சொல்லிவைத்தவள் நான். இப்போது வந்திருப்பவன் அவனே இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருக்க முடியாது.

அந்த ஏப்ரலில்தான் மாமாவும் திரும்பி வந்திருந்தார். மாமா என்றால் அப்பாவின் தங்கையான என் அத்தையின் கணவர். மூன்று வருடம் பம்பாயில் இருந்தார், கடிதம் இல்லை. வந்ததும் தென்னேரியில் தன் அம்மாவோடு தங்கிக்கொண்டு, ஞாயிறுதோறும் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் நுங்கு இருக்கும். குடியை விட்டுவிட்டார். எல்லோரையும் 'வாங்க, போங்க' என்றார். ஆளே மாறிவிட்டார் என்று அம்மா வியந்தாள். அப்பா அதைத் தெருவுக்கே சொன்னார்.

மாமா பம்பாய்க்குப் போனதும் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தவள். வரும்போதே அவளுடைய இடது மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது. மாடிப்படியில் விழுந்ததாகச் சொல்லியிருந்தார்கள். தென்னேரி வீட்டுக்கு மாடி கிடையாது என்பது இரண்டு முறை அங்கே போயிருந்த எனக்குத் தெரியும். நாடகத்தில் பொருந்தாதவற்றையெல்லாம் எண் போட்டு எழுதிய நான், இதை எங்கும் எழுதவில்லை.

பொய் வரி பதினெட்டாவது வாரத்தில் இருக்கிறது. அன்று மூன்று பன்னிரண்டுக்குக் கரண்ட் போயிற்று. எதிர் டீக்கடையில் பேட்டரி டிரான்சிஸ்டர் இருந்ததால் ஓடிப்போய் கூட்டத்துக்குள் நுழைந்து காதைக் கொடுத்தேன். கரகரப்பைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. மூன்று பத்தொன்பதுக்குக் கரண்ட் வந்தது. திரும்பி வந்து, யாரும் கேட்காத அந்த ஏழு நிமிடத்துக்குள், '3.15 - மேசையில் ஒரு தட்டு' என்று எழுதினேன்.

ஜூன் 18-க்கு வருகிறேன். அத்தையைத் தென்னேரிக்கு அழைத்துப்போக அன்றுதான் நாள் குறித்திருந்தார்கள். நான்கு மணி பஸ். வெள்ளிக்கிழமையே அவள் பெட்டியைக் கட்டி வாசல் ஓரம் வைத்துவிட்டாள். ஆனால் காலையிலிருந்து அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அப்பா வேலையில்லாத சக்கரம் ஒன்றைச் சும்மா சுழற்றிக்கொண்டிருந்தார். நான் மணியைப் பார்த்தபடி இருந்தேன்.

இரண்டரைக்குக் கடையில் வழக்கமான தகராறு தொடங்கியது. பக்கத்துத் தெருவில் தறி போட்டிருக்கும் அண்ணன் ஒரு கட்சி.

"இழை அறுந்தா முடிச்சு போடுவோம். எவ்ளோ நேர்த்தியா போட்டாலும் விரல வெச்சா தட்டுப்படும். பதினஞ்சாம் வாரத்துல முடிச்சே தட்டுப்படலையேபா. இது வேற நூலு. அந்தக் கிரகத்துல இருந்து நகல் எடுத்து அனுப்பிட்டானுங்க."

டீக்கடைக்காரர் எதிர்க்கட்சி. "யோவ், நடிக்கிறவனுக்குச் சளி புடிச்சிருக்குது. அதுக்குப் போயி கிரகத்த இழுக்கற."

"நாலு வாரமாவா சளி?"

"கசாயம் குடிச்சிருக்க மாட்டான்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமா மெதுவாகச் சொன்னார்: "ஏங்க, மனுசன் மாறக் கூடாதா? சாவ பாத்துட்டு வந்தவன். அடங்கிட்டான், அவ்ளோதான்."

"மாப்பிள்ள சொல்றதுதான் சரி" என்றார் அப்பா. நாடகத்தை அவர் ஒருநாளும் கவனித்துக் கேட்டதில்லை.

அத்தை மாமாவுக்கு டீ கொண்டுவந்து பெஞ்சில் வைத்துவிட்டு, உள்கதவைப் பிடித்தபடி நின்றாள். தறிக்கார அண்ணன் விடவில்லை. "அவன்தான்னா தட்டணும். ஒரு தட்டு காட்டு, ஒத்துக்கறேன்."

நான் நோட்டோடு எழுந்தேன். "போன வாரம் தட்டுனான். மூணு பதினஞ்சுக்கு."

"கரண்டே இல்லையேமா அப்போ!"

"டீக்கடை டிரான்சிஸ்டர்ல கேட்டேன்."

எல்லோரும் டீக்கடைக்காரரைப் பார்த்தார்கள். "பால் பொங்கிச்சுன்னு நான் உள்ள போயிட்டேன். ஆனா பாப்பா சொன்னா இருக்கும். அதான் எழுதி வெச்சிருக்குதே" என்றார். அவர் கட்சிக்கு அது சாதகம்.

அத்தை வந்து நோட்டை வாங்கினாள். அந்த வரியில் விரலை வைத்து, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "எதுக்குத் தட்டுனான்?"

கண்ணில் பட்டது பெஞ்சின் மேல் இருந்த டம்ளர். "டீ ஆறிப்போச்சாம். அதுக்கு."

"ஆகாசத்துல டீயா?" என்றார் தறிக்கார அண்ணன்.

"எங்க போனாலும் டீ வேணும்யா. என் பொழப்பக் கெடுக்காத" என்றார் டீக்கடைக்காரர்.

கடையே சிரித்தது. மாமாவும் சிரித்தார். திரும்பி வந்த பிறகு அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. "அது நாயம்தானே? ஆறின டீயக் கொண்டாந்து வெச்சா எவனுக்குத்தான் கை சும்மா இருக்கும்?"

மறுபடி சிரிப்பு. நான்தான் அதிகம் சிரித்தேன். என் பொய் தப்பித்துவிட்டது. அத்தை நோட்டை என்னிடம் கொடுத்தாள். மாமாவின் டம்ளரை எடுத்தாள். அதில் ஆடை படர்ந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பத்து நிமிடமாகியும் வரவில்லை. அப்பா கூப்பிட்டார். வந்து, "நான் போகலண்ணா" என்றாள்.

"பெட்டியெல்லாம் கட்டி வெச்சிட்டு இப்ப என்னமா?"

"கட்டுனா அவுக்க முடியாதா?"

"இன்னிக்கி மனசு சரியில்லையா? சரி, அடுத்த வாரம்..."

"எந்த வாரமும் இல்ல."

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. நல்லது சொன்னால் கேட்பதில்லை, எல்லாரும் சிரிக்கப்போகிறார்கள், மாறி வந்த மனுசனை இப்படியா என்று கத்தினார். தறிக்கார அண்ணனும் டீக்கடைக்காரரும் சத்தமில்லாமல் எழுந்து போனார்கள். அம்மா நடுவில் நின்று இரண்டு பக்கமும் கையை அசைத்தாள். மாமா மட்டும் குரலை உயர்த்தவில்லை. "இருக்கட்டும் மச்சான். அடுத்த ஞாயித்துக்கிழம வரேன்" என்றார்.

"வராதீங்க" என்றாள் அத்தை.

அந்த நேரத்தில் நான் சொன்னது என்ன என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது. "அப்பா, மணி மூணாயிடுச்சு" என்று ரேடியோவைப் போட்டேன். அப்பா எட்டி ரேடியோவை அணைத்தார். பத்தொன்பதாவது வாரத்தை நாங்கள் யாரும் கேட்கவில்லை. நோட்டில் அந்தப் பக்கம் இன்றும் காலியாக இருக்கிறது.

மாமா நுங்குப் பையை விட்டுவிட்டுக் கிளம்பினார். அவர் கடை வாசலைத் தாண்டும்போது வாடகைக்குப் போகாமல் நின்றிருந்த ஆறு சைக்கிள்களும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து விழுந்தன. சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். அவர் கை பட்டதா, தள்ளினாரா என்று தெரியாது. பார்க்காததை இனி எழுதக் கூடாது என்று அப்போது எனக்குள் சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு இத்தனை வருடமாக எழுதிவரும் நாட்குறிப்பில் அதை மீறியதில்லை.

அன்று முழுவதும் வீட்டில் யாரும் ஓரிடத்தில் உட்காரவில்லை. அப்பா தெருமுனைவரை போவதும் வருவதுமாக இருந்தார். நானும் நோட்டைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. ஆனால் காரணம் அத்தை அல்ல, அந்த வரி. தறிக்கார அண்ணன் வேறு யாரிடமாவது விசாரித்துவிட்டால்?

மறுநாள் திங்கட்கிழமை. முதல் வேலையாக அதை அழித்துவிட வேண்டும் என்று ஐந்து மணிக்கே ரப்பரும் நோட்டுமாக எழுந்து வந்தேன். அத்தை எனக்கு முன்பே எழுந்து, பெட்டியைத் திறந்து, புடவைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்த ரப்பரைப் பார்த்தாள்.

"அத்தை, அந்தத் தட்டு நான் கேக்கவே இல்ல" என்றேன்.

"தெரியும். அன்னிக்கி நானும் பால் வாங்க அங்கதான் நின்னுக்கினு இருந்தேன். நீ பாக்கல. வெறும் கரகரன்னுதான் இருந்துது."

"அப்பறம் ஏன் எதுக்குத் தட்டுனான்னு கேட்ட?"

"அழிக்காத, இருக்கட்டும்" என்று ரப்பரை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பெட்டி காலியானதும், அடியில் விரித்திருந்த பழைய செய்தித்தாளை உருவி, தரையில் வைத்து நீவி, என் நோட்டுக்கு அட்டை போட்டாள். பொய் எழுதிய நோட்டுக்கு எதற்கு அட்டை என்று எனக்கு விளங்கவில்லை. தென்னேரி வீட்டில் ரேடியோ கிடையாது; நாடகம் முடியும்வரை கேட்பதற்காகத்தான் இங்கேயே இருந்துவிட்டாள் என்று நினைத்தேன். இருபதாவது வாரத்துக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அதை அவளிடமும் சொன்னேன்.