மாவுக்கட்டில் நின்ற சேவல்

எழுபத்தொன்பதோ எண்பதோ, வருஷம் சரியாக நினைவில்லை. ஆடித்தபசுக்குப் பத்து நாள் இருக்கும்போது, சங்கரன்கோவில் ரத வீதியில் ஒரு கடையின் மாடிச் சுவரில் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்த நான் சாரத்திலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஐந்தாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறிய வயதிலேயே எழுத்தை வரைந்து பிழைத்தவன் நான். அந்தக் காலத்தில் ஊரில் எந்தத் தெருமுனையில் நின்றாலும் என் கை எழுதிய போர்டு ஒன்றாவது கண்ணில் படும். யாரிடமும் தொழில் படித்ததில்லை. பார்த்துப் பார்த்து நானே பழகியது. பெருமைதான், சொன்னால் என்ன?

ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் எட்டுக் கட்டில்கள். தொடையிலிருந்து பாதம் வரை எனக்கு மாவுக்கட்டுப் போட்டு, காலைத் தூக்கிக் கம்பியில் கட்டிவிட்டார்கள். திருவிழா நேரத்து வேலையெல்லாம் என் போர்டு கடையில் குவிந்து கிடக்க, நான் மல்லாந்து விட்டத்தைப் பார்த்துக் கிடந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு புரோட்டா மாஸ்டர். சொந்த ஊர் வாசுதேவநல்லூர், வேலை இங்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில். கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி சரிந்து வலது கை வெந்துபோயிருந்தது. புண் ஆறிவிட்டது. ஆனால் தோல் இறுகி, விரல்கள் உள்ளங்கைப் பக்கம் சுருண்டுகொண்டே வந்தன. தினமும் நீட்டி மடக்காவிட்டால் கை அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அமுக்கிப் பழக நர்ஸம்மா கொடுத்த ரப்பர் பந்து கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும். மனிதர் கையைத் துண்டுக்குள் மூடியே வைத்திருப்பார். சாப்பாட்டை மனைவி வந்து ஊட்டிவிட வேண்டும். "கடையில வேற ஆளு பாத்துக்கிடச் சொல்லிரு" என்று அவர் அந்த அம்மாவிடம் சொன்னதை நானே கேட்டேன்.

என்னால் சும்மா கிடக்க முடியாது. வீட்டிலிருந்து கரிக்கட்டை வரவழைத்து, பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் எதையாவது வரைந்துகொண்டிருந்தேன். நர்ஸம்மா அதைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நீங்க மட்டும் வரைஞ்சாப் போதுமா? வார்டுக்கே ஒரு வெளையாட்டு வைங்க. அந்தத் துண்டுக்குள்ள இருக்க கை வெளிய வரணும்" என்று மெல்லச் சொன்னார்.

நான் ஒரு விளையாட்டு வைத்தேன். முதல் கட்டில்காரர் தாளில் ஒரே ஒரு கோடு போட வேண்டும். அடுத்தவர் அதோடு ஒன்று சேர்க்க வேண்டும். எட்டுக் கட்டிலும் சுற்றி வந்தபின் அது என்ன பிராணி என்று எல்லோரும் பேர் வைக்க வேண்டும். முதல் நாள் ஆட்டுக்குத் தலைப்பாகை வந்தது. மறுநாள் மீனுக்கு நாலு கால். மூச்சிரைப்புக்காரர் ஒருவர் சிரித்துச் சிரித்து இரைப்பு வந்து, நர்ஸம்மாவிடம் திட்டு வாங்கினார். பேனா பிடித்தறியாத கைகள் கூட மூன்றாம் நாள் தாளுக்குக் காத்திருந்தன. மாஸ்டர் மட்டும் இடது கையால் வாங்கி, இடது கையால் அடுத்த கட்டிலுக்குத் தள்ளிவிடுவார்.

நாலாம் நாள் ஒரு மாடு உருவாகி வந்தது. குடலிறக்க ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த கரிவலம்வந்தநல்லூரில் வெள்ளாமை பார்க்கும் சம்சாரி ஒருவர் தாளை மாஸ்டரிடம் நீட்டி, "வாலு மட்டுந்தான் பாக்கி, மாஸ்டர். வாலில்லாம விட்டா ஈயை எப்பிடிவே ஓட்டும்?" என்றார்.

மாஸ்டர் கொஞ்ச நேரம் அந்த மாட்டையே பார்த்தார். பிறகு துண்டு விலகியது. சுருண்ட விரல்களுக்கு இடையில் கரியைச் செருகி இழுத்தார். வால் மாட்டைவிட நீளமாகித் தாளின் ஓரம்வரை போய் நின்றது.

"மாட்டு வாலா, கெணத்துக் கயிறாவே இது?" என்றார் சம்சாரி. முதலில் சிரித்தது மாஸ்டர்தான்.

அதிலிருந்து தினமும் கை வெளியே வந்தது. பிடிக்கத் தோதாக நர்ஸம்மா கரியில் துணி சுற்றிக் கொடுத்தார். ஒருநாள் மாஸ்டர் தனியாக ஒரு தாள் கேட்டு வாங்கி, மத்தியானம் முழுக்க உட்கார்ந்து ஒரு சேவல் போட்டார். கழுத்துக் கோணல், ஒரு கால் விளக்குமாறு மாதிரி. "நாளைக்கு வீட்டுல வரும்போது காட்டணும், பத்திரமா வைங்க அண்ணாச்சி" என்று என்னிடம் கொடுத்தார்.

மறுநாள் காலையில் பெரிய டாக்டர் வருகிறார், படங்களைச் சுவரில் ஒட்டுவோம் என்றார் நர்ஸம்மா. மாஸ்டர் குளிக்கப் போயிருந்தார். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வேலையாட்கள் சுண்ணாம்புக்கட்டியால் அளவுக்கோடு போடுவார்கள், அதன்மேல் கடைசிக் கோடு கடைக்காரன் கோடு, அதாவது என் கோடு. கோணலாக எதையும் வெளியே அனுப்ப மாட்டோம். யோசிக்கக்கூட இல்லை, என் கை தானாகப் போனது. கழுத்தை நிமிர்த்தி, காலைத் திருத்தி, கொண்டையைத் தடிமனாக்கினேன். சேவல் கூவுகிற மாதிரி வந்துவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம்.

டாக்டர் சுவரைப் பார்த்து, "சேவல் பிரமாதம், யார் போட்டது?" என்றார். நர்ஸம்மா மாஸ்டரைக் காட்டினார்.

மாஸ்டர் கிட்டே போய்ப் பார்த்தார். "நான் போடல சார். இது அண்ணாச்சி போட்டது. என்னோடது இதுக்கு அடியில கெடக்கு" என்றார். சண்டைக்குச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். கை மறுபடி துண்டுக்குள் போய்விட்டது.

டாக்டர் கையை விரித்துப் பார்த்துவிட்டு, அடுத்த புதன்கிழமைக்குள் இன்னும் கொஞ்சம் விரியாவிட்டால் ஆபரேஷனுக்குப் பாளையங்கோட்டைக்கு அனுப்ப வேண்டும், அதற்குப் பிறகும் மாவு பிசையும் கையாகுமா என்று சொல்ல முடியாது என்றார். சாயங்காலம் மாஸ்டரின் மனைவி வந்து, "அண்ணாச்சி, அவுக ஏதோ சேவல் காட்டுதேன்னாக, எங்க அது?" என்று கேட்டார். நான் தலையணைக்கு அடியில் தேடுவதுபோல் பாவனை செய்தேன்.

இரண்டு நாள் மாஸ்டர் தாளைத் தொடவில்லை. மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கம் கிடையாது. மூன்றாம் நாள் கடையிலிருந்து என் பிரஷையும் கறுப்புப் பெயிண்டையும் வரவழைத்தேன். அந்த பிரஷை அதுவரை இன்னொரு ஆள் தொட்டதில்லை.

"மாஸ்டர், கட்டு வெள்ளையாக் கெடக்கு. கணுக்கால் பக்கம் ஒரு சேவல் போடும்."

"கோணலாத்தான் வரும். நீரு திருத்திருவீரு."

"கால் மேல தொங்குது, எங்கன திருத்த? என் கை அங்கன எட்டாது. நீர் போட்டது போட்டதுதான்."

அவர் என் காலைப் பார்த்தார், கையை நீட்டித் தூரம் பார்த்தார். எட்டாது என்று நிச்சயமான பிறகுதான் எழுந்து வந்தார். பிரஷின் கட்டை தடிமன், பிடிக்க விரல் விரிந்துதான் ஆக வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார். முந்தினதைவிட மோசமான சேவல். எனக்கு விரலெல்லாம் துறுதுறுத்தது. தலையணைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டேன்.

அவர் பாதியில் களைத்து உட்கார்ந்த நேரம், என்னிடம் போர்டு எழுதக் கொடுத்திருந்த ஜவுளிக்கடை முதலாளி என்னைப் பார்க்க வந்தார். கட்டைப் பார்த்தவர், "என்ன அண்ணாச்சி, விழுந்ததுல கால் மட்டுந்தான் போச்சுன்னாங்க, கையும் போச்சோ?" என்று சிரித்தார். என் தொழிலே அந்தச் சிரிப்பில் தொங்கியது. 'நான் போட்டதில்லை' என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அது யாரைக் காட்டிக் கொடுக்கும் என்று தெரிந்து வாயை மூடிக்கொண்டேன்.

மாஸ்டர் கட்டிலைவிட்டு எழுந்தார். "அது நான் போட்டது, முதலாளி" என்றார். "இன்னும் கண்ணு வைக்கல." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வெந்த கையை அந்த வெளியாள் முன்னால் நீட்டி, பிரஷை எடுத்துக் கண்ணை வைத்தார்.  முதலாளி சற்று நகர்ந்து வெளிச்சம் விட்டார்.

புதன்கிழமை விரல்களை விரித்துப் பார்த்த டாக்டர் பாளையங்கோட்டைப் பேச்சை எடுக்கவில்லை. சுண்டுவிரல் மட்டும் கடைசிவரை மடங்கியே இருந்தது. தை மாதம் நான் கம்பு ஊன்றி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துப் புரோட்டாக் கடைக்குப் போனபோது, மாஸ்டர் கல்லுக்கு முன்னால் நின்று புரோட்டா வீசிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகும் எத்தனையோ போர்டு எழுதினேன், இன்றைக்கும் என்னளவுக்கு ஒரு கோடு இழுக்க இந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. ஆனால் இன்னொருவர் போட்ட கோணல் கோட்டைப் பார்த்ததும் என் கை தானாக எழும்பும்போது, அதை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அவர் போட்டு முடிக்கும்வரை வேடிக்கை மட்டும் பார்க்கிறேன்.