சைலன்சர் குழாய்க்குப் போன என் சேலைகள்

பருத்திச் சேலை எதுவும் என்னிடம் நீண்ட நாள் உருப்படியாக இருந்ததில்லை. மற்ற வீடுகளில் சேலை பழசாகிக் கிழியும். என் வீட்டில் அது பழசாகும்வரை காத்திருக்க என் கணவருக்குப் பொறுமை கிடையாது. கொடியில் காய்வதை இழுத்துப் பார்ப்பார், "இது இத்துப் போச்சு" என்று அவரே தீர்ப்புச் சொல்வார், மூன்று விரல் அகலத்தில் நாடா நாடாவாகக் கிழித்துவிடுவார். எல்லாம் அவருடைய மோட்டார் சைக்கிளுக்காக. முழு மோட்டார் சைக்கிளுக்கும்கூட இல்லை. இன்ஜினின் முன்பக்கத்திலிருந்து வளைந்து இறங்கி சைலன்சரோடு போய்ச் சேர்கிற அந்த ஒரு துண்டுக் குழாய்க்கு மட்டும்.

நைலெக்ஸ் துணி குழாய்ச் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளுமாம், ஆகவே பருத்திதான் வேண்டுமாம். முதலில் பாத்திரம் விளக்கும் கம்பிச் சுருளால் சோப்புப் போட்டுத் தேய்ப்பார். பிறகு பித்தளை துலக்கும் மருந்து பூசுவார். அது காய்ந்ததும் சேலை நாடாவைக் குழாய்க்குப் பின்னால் விட்டு, இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, குளித்துவிட்டு முதுகு துடைப்பதுபோல மாற்றி மாற்றி இழுப்பார். அந்த மருந்தும் என்னுடையதுதான். மாதா கோயில் மெழுகுதிரித் தண்டுகளைத் துலக்கும் முறை எங்கள் தெருப் பெண்களுக்குள் சுற்றி வரும். என் முறைக்கு டப்பாவைத் திறந்தால் அடி தெரியும்.

"சாமிக்கு வச்சத எடுத்து பைக்குக்குப் பூசுறீங்களே, வெக்கமா இல்ல?"

"சாமி கோவிச்சுக்க மாட்டாரு" என்பார், தலையைத் தூக்காமல்.

இது வெறும் பைத்தியம் என்றால் சகித்திருப்பேன். காரணம் எனக்குத் தெரியும். நாங்கள் மாத்தளை டவுனில் இருந்தோம். அவர் கலேவெலயில் ஒரு மரக்கறி மொத்தக் கடையில் வேலை பார்த்தார், தினமும் போய் வருவார். வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த ஒரு மழைக்காலத்தில் முதலாளி அவரை லக்கல பக்கம், காடு வெட்டிப் போட்ட சேனையில் விளைந்த பயறைப் பார்த்து வர அனுப்பினார். திரும்பி வரும்போது சூடான குழாயில் செம்மண் சேறு அடித்துச் சுட்ட ஓடாக இறுகியிருந்தது. நாலந்தா பக்கத்து ராணுவச் சோதனைச் சாவடியில் ஒருவன் அந்த மண்ணை நகத்தால் சுரண்டிப் பார்த்து, எந்தக் காட்டிலிருந்து வருகிறாய் என்று கேட்டான். இவர் அவர்களைவிட நன்றாகச் சிங்களம் பேசுவார். அடையாள அட்டையில் இருந்த தமிழ்ப் பெயரைப் பார்த்த பிறகு அது எதற்கும் உதவவில்லை. மூன்றாம் நாள்தான் வீட்டுக்கு வந்தார். அங்கே என்ன நடந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வந்த அன்றே குனிந்து உட்கார்ந்து குழாயைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

அவர் கணக்கு இதுதான்: சேறு இருந்தால் கேள்வி வரும், பளபளவென்று இருந்தால் டவுன்காரன் என்று விட்டுவிடுவார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அட்டையில் உள்ள பெயரை எந்த மருந்து போட்டுத் துடைப்பதாம்? இதைச் சொன்னால் மனிதர் நாடாவை இன்னும் வேகமாக இழுப்பார். ஆனால் சாயங்காலம் அவர் வரச் சற்றுப் பிந்தினாலும் நான் வாசலுக்கும் அடுப்படிக்குமாக அலைவேன். அந்த நாட்களில் எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான், அவர் வீடு வந்து சேர வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கலேவெலயில் என் தங்கச்சி பிள்ளைக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தாய். விடிந்ததிலிருந்து நான் உடுத்திக்கொண்டு நிற்கிறேன், இவர் பைக் குழாய்க்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறார். அன்றைக்குப் புது வித்தை வேறு. மருந்து போட்டபின் தேங்காயெண்ணெய் பூசினால் துருவே பிடிக்காது என்று கடையில் எவனோ சொல்லியிருக்கிறான். என் எண்ணெய்ப் போத்தலை எடுத்து, தலைக்கு வைப்பதுபோல உள்ளங்கையில் ஊற்றி ஊற்றிப் பூசினார்.

"ஞானத்தாய் வர்ற வரைக்கும் பாதர் தண்ணிய கையில வச்சிக்கிட்டு நிப்பாரா? எந்திரிங்க" என்று கத்தினேன்.

"இந்தா, முடிஞ்சிருச்சு."

வீட்டிலிருந்து ஒரு மைல்கூட இருக்காது, டவுனை விட்டு வெளியேறும் இடத்தில் ஒரு சாவடி. அதை நெருங்கும்போதே எனக்குத் தாளிக்கிற வாசனை வந்தது. குனிந்து பார்த்தால் எங்கள் கால்களுக்கு நடுவிலிருந்து வெள்ளைப் புகை கிளம்புகிறது. பூசிய எண்ணெய் முழுவதும் சூட்டில் பற்றிப் புகைந்துகொண்டிருந்தது. சாவடியில் நின்ற இரண்டு ராணுவப் பையன்களும் துவக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் பாய்ந்தார்கள். ஏதோ வெடிக்கப் போகிறது என்று நினைத்துவிட்டார்கள். இறங்கு, தள்ளி நில், கையைத் தூக்கு என்று சிங்களத்தில் கூச்சல்.

நான் கையைத் தூக்கினேன். இவர் தூக்கவில்லை. புகையை நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். குனிந்து, வெறுங்கையால் அந்தக் குழாயைப் பிடித்துத் துடைத்தார். சுர்ரென்று சத்தம் கேட்டது. அவர் கத்தவில்லை. கத்தினால் சுட்டுவிடுவார்கள் என்ற பயம். நான்தான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "தேங்காயெண்ணெய், சேர், வெறும் தேங்காயெண்ணெய்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஒருவன் மெதுவாக வந்து மோந்து பார்த்தான். பப்படம் பொரிக்கிற வாசனைதான். மற்றவனைப் பார்த்துச் சிரித்தான். எதற்கு ஐயா குழாய்க்கு எண்ணெய் என்று இவரைக் கேட்டான். இவர் பொசுங்கிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு, "அழகுக்கு, சேர்" என்றார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரம் அவர்கள்மேலா அவர்மேலா என்று இன்றுவரை தெரியாது. போகச் சொன்னார்கள். ஒரு கையால் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு கலேவெலவரை ஓட்டினார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றி முடிந்திருந்தது. வேறொருத்தி ஞானத்தாயாக நின்றிருந்தாள். தங்கச்சி என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் காலையில் கட்டுப்போட்ட கையோடு இவர் வேலைக்குக் கிளம்பினார். வீட்டில் இருங்க என்று சொன்னதெல்லாம் காற்றோடு போனது. கிளம்புமுன் குழாயருகில் குந்தி, ஒற்றைக் கையால் நாடாவை இழுக்க முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தார். தள்ளுங்க என்று பிடுங்கிக்கொண்டு நான் உட்கார்ந்தேன். எண்ணெய்க் கறை கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. வளைவில் மட்டும் பழுப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. சோப்புப் போட்டேன், மருந்து போட்டேன். கம்பிச் சுருளை எடுத்துத் தேய்த்தபோது அது மெல்லிய ஏடாக உரிந்து வந்தது. அவருடைய கைத்தோல். சாவடியில் இது என்ன கறை என்று கேட்டால் சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. அவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, ஒரு பொட்டுக்கூட மிச்சமில்லாமல் தேய்த்து எடுத்தேன்.